திரை வரையும் முன் நடித்துப் பாருங்கள்: இன்டராக்‌ஷன் டிசைனுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவமனையின் ஓபி கூடத்தில் வைப்பதற்காக டோக்கன் இயந்திரம் ஒன்றை வடிவமைத்தோம். 14 திரைகள் வரைந்தோம். வைத்த மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால், இயந்திரத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு செக்யூரிட்டி அண்ணன் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வந்தவர்கள் எல்லாரும் அவரிடம் சொன்னார்கள், அவர் அழுத்தினார். முன்பு கவுண்ட்டரில் ஒரே வரிசை. இப்போது அவரிடம் ஒரு வரிசை, அப்புறம் டாக்டர் அறை வாசலில் ஒரு வரிசை. முழங்கால் வலியோடு வந்தவர்களை இரண்டு முறை நிற்க வைத்துவிட்டோம்.

திரைகளில் பெரிய குறை எதுவும் இல்லை. அந்தக் கூடத்தில் யார் யாரிடம் என்ன கேட்பார்கள், அடுத்து என்ன நடக்கும் என்பதை மட்டும் நாங்கள் யோசித்திருக்கவில்லை. நாடகக்காரர்கள் ஒத்திகையில் அதைத்தான் நாள் முழுக்கச் செய்கிறார்கள். மனிதரும் கருவியும் ஒன்றோடொன்று பழகும் விதத்தை வடிவமைப்பதுதான் இன்டராக்‌ஷன் டிசைன். அன்றிலிருந்து அதில் எந்த வேலையாக இருந்தாலும் முதலில் நடித்துப் பார்க்கிறேன். புதிதாகச் சேர்பவர்களையும் அப்படியே பழக்குகிறேன். அவர்கள் தடுமாறும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அந்த இடங்களையும், எதற்குப் பின் எது என்ற வரிசையையும் இங்கே எழுதுகிறேன். உதாரணம் முழுக்க அதே டோக்கன் இயந்திரம்தான்.

1. தொடங்கும் முன் தேவையானவை

ஐந்து பேர், இரண்டு நாள், ஒரு காலி அறை. நான்கு பேருக்குக் குறைந்தால் குறிப்பெடுக்க ஆள் இருக்காது. ஏழு பேருக்கு மேல் போனால் பாதிப் பேர் வேடிக்கை பார்ப்பார்கள், அவர்கள் பார்ப்பதாலேயே மற்றவர்களுக்கு நடிக்கக் கூச்சம் வரும்.

பொருள்கள்: பெரிய அட்டைப் பெட்டி ஒன்று, ஃப்ரிட்ஜ் வந்த பெட்டி என்றால் நல்லது. ஏ4 தாள், தடித்த மார்க்கர், மாஸ்கிங் டேப், ஒரு டேப்லெட், ஒரு லேப்டாப், வீடியோ எடுக்க ஒரு ஃபோன், நொடி காட்டும் கடிகாரம். இவற்றோடு ஒரு கட்டைப்பையில் இரண்டு கிலோ அரிசியும், சுருட்டிய துண்டு ஒன்றும் வேண்டும். துண்டு இடுப்பில் இருக்கும் குழந்தை. இந்தக் கடைசி இரண்டையும் பலர் விளையாட்டு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். கை காலியாக இருப்பவர் நடித்தால் எல்லா இயந்திரமும் நன்றாகத்தான் வேலை செய்யும்.

இடத்துக்குப் போய்ப் பார்க்க முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். நோயாளிகளைப் படம் எடுக்க வேண்டாம், நோட்டும் பேனாவும் போதும்.

ஒரு கேள்விக்கும் பதில் தெரிந்திருக்க வேண்டும்: இந்த இயந்திரம் செய்யப்போகும் வேலையை இப்போது யார் செய்கிறார்? எங்கள் விஷயத்தில் அது ஓபி சீட்டு கொடுக்கும் கவுண்ட்டர் ஊழியர். முதல் முறை நாங்கள் அவரைப் பார்க்கவே போகவில்லை.

2. இடத்துக்குப் போய் நில்லுங்கள்

இரண்டு மணி நேரம், கூட்டம் அதிகமாக இருக்கும் நேரத்தில். முதல் ஒரு மணி நேரம் யாரிடமும் எதுவும் கேட்காதீர்கள். கேட்டால் ‘வந்தேன், சீட்டு வாங்கினேன்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். நடுவில் நடந்த ஏழெட்டுக் காரியங்கள் அவர்களுக்கே நினைவில் இருக்காது.

கை, கண், வாய் மூன்றையும் கவனியுங்கள். கையில் என்ன இருக்கிறது, கண் முதலில் எங்கே போகிறது, வாயில் என்ன சொல் வருகிறது.

ஒரு காலை நான் குறித்துக்கொண்டது இது. அறுபது வயதுக்கு மேல் இருக்கும் ஓர் அம்மா. இடக்கையில் கட்டைப்பை. வலக்கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் நான்காக மடித்த பழைய ஓபி சீட்டு, ஆதார் நகல், பஸ் டிக்கெட். மடிப்பில் சீட்டு கிழிந்து, செல்லோ டேப் ஒட்டியிருந்தது. கவுண்ட்டரில் அவர் வாயே திறக்கவில்லை, கவரை நீட்டினார். உள்ளே இருந்தவர் சீட்டைப் பிரித்துப் பார்த்து, “சுகரா? பதினாலாம் நம்பர் ரூம், போங்கம்மா” என்றார். அவ்வளவுதான், பத்து நொடி கூட ஆகவில்லை.

அவருக்காகப் பேசியது அந்தச் சீட்டு. எங்கள் இயந்திரமோ அதே விஷயத்துக்கு அவரிடம் ஐந்து கேள்வி கேட்டது. வந்தவர் சீட்டை நீட்டுவார் என்பது தெரிந்திருந்தால், முதல் திரையை வரைவதற்கு முன்பே சீட்டை வைக்க ஒரு தட்டும், அதைப் படிக்கும் ஸ்கேனரும் வேண்டும் என்று முடிவாகியிருக்கும்.

குறிப்பெடுப்பதில் புதியவர்கள் செய்யும் தவறு: ‘மக்கள் குழம்புகிறார்கள்’ என்று எழுதுவார்கள். அது தீர்ப்பு. ‘பலகையைப் பார்த்தார், திரும்பினார், பக்கத்தில் நின்றவரின் தோளைத் தொட்டுக் கேட்டார்’ என்று எழுதுங்கள். பிறகு இதை ஒருவர் நடிக்க வேண்டும். குழப்பத்தை நடிக்கச் சொன்னால் எல்லாரும் தலையைச் சொறிவார்கள். தோளைத் தொட்டுக் கேட்பதை அப்படியே செய்துவிட முடியும்.

3. ஒரே ஆளின் கதையை ஆறு கட்டங்களில் எழுதுங்கள்

பார்த்தவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். புதிதாக ஒரு பெயர், வயது, பொழுதுபோக்கு என்று கற்பனை செய்வது பலருக்கும் பழக்கம், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அந்த விவரங்கள் காட்சிக்குள் வருவதே இல்லை. அவர் கையில் இருந்த பொருளை வைத்தே கூப்பிடுங்கள். எங்களுக்கு அவர் ‘கவர் அம்மா’. அப்படிக் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் அந்தக் கவர் ஞாபகத்துக்கு வரும்.

அவருக்கு இன்று என்ன வேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். நடிகர்கள் மேடையேறும் முன் தங்கள் பாத்திரத்தைப் பற்றிக் கேட்டுக்கொள்ளும் அதே கேள்வி. ‘சுகர் மாத்திரை வாங்கிக்கொண்டு 11 மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.’ இதில் டோக்கன் என்ற சொல்லே இல்லை, கவனித்தீர்களா? அவருக்கு டோக்கன் தேவையில்லை. தனக்கு முன் எத்தனை பேர், எந்த அறை, 11 மணிக்குள் முடியுமா என்பதுதான் தேவை. அதனால் டோக்கன் தாளில் அறை எண்ணும் முன்னால் இருப்பவர்களின் எண்ணிக்கையும் பெரிதாக வர வேண்டும் என்று இங்கேயே முடிவாகிவிடுகிறது.

அப்புறம் ஒரு தாளை ஆறு கட்டமாக மடித்துப் படம் போடுங்கள். குச்சி மனிதர்கள் போதும்.

முதல் கட்டம்: பஸ்ஸிலிருந்து இறங்குகிறார், மணி 7:40. இரண்டாவது: கூடத்தின் வாசல். நாற்பது முதுகுகள் தெரிகின்றன, இயந்திரம் தெரியவில்லை. மூன்றாவது: இயந்திரத்தின் முன், இரண்டு கையும் நிறைந்திருக்கின்றன. நான்காவது: சீட்டைத் தட்டில் வைக்கிறார். ஐந்தாவது: டோக்கன் கையில், எந்தப் பக்கம் போவது? ஆறாவது: டாக்டருக்கு எதிரே நாற்காலியில்.

கதை திரையைத் தொடுவதில் தொடங்கி டோக்கன் அச்சாவதில் முடிந்தால், மறுபடி எழுதுங்கள். என்னிடம் வந்த புதியவர்களில் பெரும்பாலானவர்கள் முதல் முறை அப்படித்தான் எழுதினார்கள். அப்படி எழுதினால் இரண்டாவது கட்டம் காணாமல் போகும். ஆள் நிற்கும் கூடத்தில் ஐந்தடி உயர இயந்திரம் யாருக்கும் தெரியாது, தலைக்கு மேல் ஒரு பலகை தொங்க வேண்டும் என்பது எங்களுக்கு அந்தக் கட்டத்தை வரைந்த பிறகுதான் உறைத்தது.

4. முதலில் வசனம், பட்டன் பிறகு

தாளின் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் இயந்திரம் சொல்வது, வலப்பக்கம் மனிதர் சொல்வதோ செய்வதோ. எழுதி முடித்ததும் இரண்டு பேர் உரக்கப் படியுங்கள். மனதுக்குள் படிக்கும்போது சரியாகத் தோன்றும் வாக்கியம், வாயால் சொல்லும்போது தன் விறைப்பைக் காட்டிக்கொடுத்துவிடும்.

எங்கள் பழைய முதல் திரையில் இருந்தது: ‘தங்கள் வருகையின் நோக்கத்தைத் தேர்வு செய்க’. இதை எதிரே நிற்கும் ஒரு வயதான அம்மாவைப் பார்த்து நேராகச் சொல்லிப் பாருங்கள், வாய் வராது. கவுண்ட்டர் ஊழியர் கேட்பது “முன்னாடி இங்க காட்டியிருக்கீங்களா?” என்றுதான். அதைக் கொஞ்சம் திருத்தி ‘இங்கே முன்பு காட்டியிருக்கிறீர்களா?’ என்று வைத்தோம். பதில்கள் இரண்டு: ‘ஆமாம், சீட்டு இருக்கிறது’, ‘இல்லை, முதல் முறை’.

அடுத்து ‘துறையைத் தேர்ந்தெடுக்கவும்’ என்று ஒரு பட்டியல் வைத்திருந்தோம். தனக்கு என்ன துறை என்று தெரிந்து யாரும் வருவதில்லை. வாயில் வரும் சொல் ‘மூட்டு வலி’, ‘கண்ணு’, ‘சுகர்’, ‘காய்ச்சல்’. அந்தச் சொற்களையே பட்டியலில் வையுங்கள், எந்தத் துறை என்பதை இயந்திரம் பார்த்துக்கொள்ளட்டும்.

வசனத்துக்கு மூன்று விதிகள் வைத்திருக்கிறேன். ஒரு முறை பேசினால் ஒரே கேள்வி. அது ஒரே மூச்சில் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். தவறு நடந்தால் என்ன தவறு, அடுத்து என்ன செய்வது இரண்டையும் சொல்ல வேண்டும். ‘தவறான உள்ளீடு’ என்றால் யாருடைய தவறு? ‘ஃபோன் நம்பரில் 10 எண் வேண்டும், 9 தான் வந்திருக்கிறது. இன்னொன்று போடுங்கள்’ என்றால் கை தானாக அந்த இடத்துக்குப் போகும்.

ஆங்கிலத்தில் எழுதி, கடைசியில் தமிழாக்கக் கொடுப்பது எனக்குத் தெரிந்து மிகவும் பரவலான தவறு. விறைத்த வசனம் வருவது மட்டும் அதன் விளைவு இல்லை. தமிழில் விகுதிகள் சொல்லோடு ஒட்டி வருவதால் ஒரே சொல் பட்டனின் அகலத்தைத் தாண்டிவிடும். எழுத்துக்கு மேலும் கீழும் சுழியும் புள்ளியும் வருவதால் வரி இடைவெளியும் கூடுதலாக வேண்டும். ஆங்கில அளவுக்கு வெட்டிய பெட்டியில் ‘கு’வின் கால் துண்டாகி நிற்பதை எத்தனையோ திரைகளில் பார்த்திருப்பீர்கள். தமிழ் வசனம் முதலில் இருந்தால் பெட்டி அதற்கேற்ப வரும்.

5. உண்மையான அளவில் மேடை அமையுங்கள்

அட்டைப் பெட்டியை நிறுத்தி, திரை வரவேண்டிய இடத்தில் தாள் ஒட்டுங்கள். தரையில் மாஸ்கிங் டேப்பால் வாசல், தூண், வரிசை, டாக்டர் அறை எல்லாவற்றையும் குறியுங்கள். தூரங்களைக் குத்துமதிப்பாகப் போடாமல், அங்கே அடியால் அளந்துவந்து போடுங்கள்.

மேசையில் தாளை வைத்துப் பேசினால் உடம்பு காட்சிக்குள் வராது. பாம் நிறுவனத்தின் பைலட் என்ற கையடக்கக் கருவி 1996-இல் வெளிவருவதற்கு முன், அதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ் அதே அளவில் ஒரு மரக்கட்டையைச் செதுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அலைந்தார். யாராவது சந்திப்புக்கு நேரம் கேட்டால் கட்டையை எடுத்து, ஒரு குச்சியால் அதன் மேல் எழுதுவதுபோல் செய்வார். பையில் அடங்குமா, எடுக்கத் தோன்றுமா என்ற கேள்விகளுக்கு வரைபடத்தால் பதில் சொல்ல முடியாது. உங்கள் அட்டைப் பெட்டி செய்யும் வேலையும் அதுவே.

உயரத்தை மூன்று பேரை வைத்துப் பாருங்கள்: குழுவில் உயரமானவர், குள்ளமானவர், நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒருவர். சக்கர நாற்காலியில் இருப்பவரின் கை எட்டும் உயரத்துக்கு அமெரிக்காவின் ஏடிஏ (மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டம்) விதிகள் வைத்திருக்கும் மேல் எல்லை 48 அங்குலம், அதாவது சுமார் 122 செ.மீ. எங்கள் முதல் பெட்டியில் ‘முடிந்தது’ பட்டன் அதற்கும் மேலே இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தவர் கையை நீட்டியபோதுதான் அது தெரிந்தது.

இந்தக் கட்டத்தில் கட்டைப்பையையும் கையில் கொடுத்துவிடுங்கள். பையை எங்கே வைப்பது? தரை ஈரமாக இருந்தால்? முழங்கால் உயரத்தில் ஒரு சிறு பலகை இருந்தால் போதும். வடிவமைப்பு மென்பொருள் எதிலும் இந்தப் பலகை தானாக வந்து நிற்காது.

6. பாத்திரங்களைப் பிரித்துக் கொடுங்கள்

ஐந்து பாத்திரங்கள்: கவர் அம்மா, இயந்திரம், சுற்றியிருக்கும் கூட்டம், காட்சியை நடத்துபவர், குறிப்பெடுப்பவர். முழு வழிகாட்டியிலும் புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இயந்திரமாக நடிப்பவர் பெட்டிக்குப் பின்னால் முதுகைத் திருப்பி உட்கார வேண்டும். இயந்திரத்துக்குக் கண் கிடையாது. அதற்குத் தெரிவது இரண்டே விஷயம்: திரையில் எந்த இடம் தொடப்பட்டது, தட்டில் சீட்டு வந்ததா. நடத்துபவர் அந்த இரண்டை மட்டும் உரக்கச் சொல்வார். அதைக் கேட்டு, வசனத் தாளில் இருக்கும் அடுத்த வரியை மட்டும் இயந்திரம் சொல்ல வேண்டும்.

முதுகைத் திருப்பாமல் விட்டால் என்ன ஆகும்? ஒரு பயிற்சியில் இயந்திரமாக உட்கார்ந்த தம்பி, எதிரே இருந்தவர் தயங்குவதைப் பார்த்துவிட்டு “பெரிய பட்டன்மா, பச்சை கலர்ல இருக்கு பாருங்க” என்றார். மனிதர் என்றால் அப்படித்தான் சொல்வார், அது நல்ல குணமும்கூட. ஆனால் அவர் கட்டப்போகும் இயந்திரத்தால் அதைச் சொல்ல முடியாது. அப்படி ஒவ்வொரு முறை வாய் தவறி உதவும்போதும் குறிப்பெடுப்பவர் ஒரு கோடு போடட்டும். அந்த இடத்தில் இயந்திரத்துக்கு ஏதோ ஒன்று குறைகிறது என்று அர்த்தம். அன்று ஏழு கோடு விழுந்தது. அடுத்த வாரம் செய்த வேலை முழுக்க அந்த ஏழு கோடுகளிலிருந்து வந்ததுதான்.

வசனம் எழுதியவருக்கு இயந்திரத்தையும் கொடுக்காதீர்கள், கவர் அம்மாவையும் கொடுக்காதீர்கள். அவருக்குப் பதில் முன்பே தெரியும், தேடாமலே கை சரியான இடத்துக்குப் போய்விடும். அவர் குறிப்பெடுக்கட்டும்.

காட்சியை நடத்துபவரைப் புரிந்துகொள்ளத் தெருக்கூத்தின் கட்டியங்காரனை நினைத்துக்கொள்ளுங்கள். ராஜா வந்தால் ‘நீங்கள் யார், எதற்காக வந்தீர்கள்’ என்று சபைக்குக் கேட்கும்படி கேட்பவர் அவர்தான். கதைக்குள்ளும் இருப்பார், வெளியே வந்து பார்ப்பவர்களிடமும் பேசுவார். நடத்துபவருக்கு இருப்பதும் அதே உரிமை. எந்த இடத்திலும் காட்சியை நிறுத்தி, “அம்மா, இப்போ மனசுல என்ன ஓடுது?” என்று கேட்கலாம். ஒரு காட்சிக்கு இரண்டு மூன்று முறைக்கு மேல் வேண்டாம், ஓட்டம் கெட்டுப்போகும்.

கூட்டத்தை மறக்கவே கூடாது. எங்கள் செக்யூரிட்டி அண்ணன் இந்தக் கூட்டத்தில் ஒருவர். அவரைக் காட்சியில் சேர்த்து நடித்த முதல் தடவையே கவர் அம்மாவாக நடித்தவர் இயந்திரத்தைப் பார்க்காமல் நேராக அவரிடம் போனார். யூனிஃபார்ம் போட்ட ஆள் நிற்கும்போது பெட்டியிடம் யார் பேசுவார்கள்? அவருக்கும் ஒரு வேலையை வடிவமைத்தோம். சீட்டை வாங்கித் தட்டில் வைத்துக் காட்டுவார், மீதியை வந்தவரே செய்வார்.

7. மூன்று ஒத்திகைகள்

முதல் ஒத்திகையில் எல்லாம் ஒழுங்காக நடக்கட்டும். இதில் நேரத்தை மட்டும் பாருங்கள். மனிதரின் பொறுமைக்கு இத்துறையில் வழங்கும் கணக்கு மூன்று படி: 0.1 நொடிக்குள் பதில் வந்தால் உடனே நடந்ததாகத் தோன்றும், 1 நொடிக்குள் என்றால் நினைவோட்டம் அறுபடாது, 10 நொடியைத் தாண்டினால் கவனம் வேறு பக்கம் போய்விடும். அதனால் இயந்திரமாக நடிப்பவர் எண்ணியபடி நடிக்க வேண்டும். பிரிண்டருக்கு நான்கு நொடி ஆகும் என்றால் நான்கு நொடி சும்மா இருக்கட்டும். அந்த அமைதியில் கவர் அம்மாவின் கை மறுபடி திரையைத் தட்டப் போவதைப் பார்ப்பீர்கள். ‘டோக்கன் வருகிறது, கீழே பாருங்கள்’ என்ற வரி எங்கள் வசனத்தில் அப்போதுதான் சேர்ந்தது.

இரண்டாவதில் தடுக்கல்கள். சீட்டு கிழிந்திருக்கிறது, ஸ்கேனரால் படிக்க முடியவில்லை. ஃபோன் நம்பர் நினைவில்லை. எழுதப் படிக்கத் தெரியாது. தாள் தீர்ந்துவிட்டது. ஒரு காட்சிக்கு ஒரு தடுக்கல்தான், இரண்டைச் சேர்த்துவிட்டால் எது காரணம் என்று பிரிக்க முடியாது.

மூன்றாவதில் குறுக்கீடு. நடுவில் ஃபோன் அடிக்கட்டும், இடுப்பிலிருக்கும் குழந்தை அழட்டும், பின்னால் நிற்பவர் “சீக்கிரம்மா” என்று சொல்லட்டும். பாதியில் விட்டுவிட்டு ஒருவர் போய்விட்டால், அடுத்து வருபவருக்கு முன்னவரின் பெயரும் நோயும் திரையில் தெரியுமா? குரலில் படித்துக் காட்டும் வசதி வைத்திருந்தால், எதைப் படிக்கலாம், எதைப் படிக்கக் கூடாது? ஒரு பெண்ணின் நோயை நாற்பது பேர் காதில் விழும்படி இயந்திரம் சொல்வதை ஒத்திகையில் ஒரு தரம் கேட்டுவிட்டால் போதும், இதைப் பற்றி அப்புறம் வாதமே வராது.

சிக்கிக்கொண்டால் பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவாலின் ஃபோரம் தியேட்டர் முறையைப் பயன்படுத்துகிறேன். அதில் பார்வையாளர் ‘நிறுத்து’ என்று சொல்லி மேடையேறி, அழுத்தத்தில் மாட்டிக்கொண்ட பாத்திரத்தின் இடத்தில் தான் நின்று வேறு வழியை முயன்று பார்ப்பார். நம் ஒத்திகையிலும் யாரும் நிறுத்தலாம், ஆனால் கவர் அம்மாவின் இடத்துக்குத்தான் போகலாம். இயந்திரத்தின் இடத்துக்குப் போகக் கூடாது. எல்லாருக்கும் கை துறுதுறுக்கும், இயந்திரத்தை உடனே மாற்றிவிடத் தோன்றும். முதலில் அந்த மனிதர் என்னென்ன செய்வார் என்பதை மூன்று நான்கு பேர் செய்து காட்டட்டும். அப்புறம் இயந்திரத்தை மாற்றினால், பலர் போகக்கூடிய வழிக்குப் பொருத்தமாக மாறும்.

8. திரைக்குப் பின்னால் ஒருவர்

இரண்டாம் நாள் வெளியாட்களைக் கூப்பிடுங்கள். பெட்டியில் டேப்லெட்டைச் செருகி, வசனத் தாள்களைப் பெரிய எழுத்துப் படங்களாக அதில் போடுங்கள். குழுவில் ஒருவர் மறைவில் லேப்டாப்போடு உட்கார்ந்து, வந்தவர் தொட்டதற்கேற்பப் படத்தை மாற்றுவார். இத்துறையில் இதை விசார்ட் ஆஃப் ஆஸ் முறை என்பார்கள். நிரல் ஒரு வரிகூட எழுதாமல் இயந்திரம் ஓடுவதுபோல் காட்டிவிடலாம், பிடிக்காததை ஐந்து நிமிடத்தில் மாற்றலாம்.

மறைவில் இருப்பவர் புத்திசாலியாக இருக்கக் கூடாது. பேசினால் தட்டச்சாகும் இயந்திரத்தை மக்கள் எப்படிப் பயன்படுத்துவார்கள் என்று ஐபிஎம் ஆய்வாளர்கள் சோதித்து 1983-இல் வெளியிட்டார்கள். பேச்சைக் கேட்டு அடித்தது மறைவில் இருந்த ஒரு தட்டச்சர். ஆனால் சில சுற்றுகளில், இயந்திரத்துக்குத் தெரிந்ததாக வைத்துக்கொண்ட சொற்கள் மட்டுமே திரைக்குப் போயின. மனிதரின் அறிவு கசிந்துவிட்டால் சோதனைக்கு மதிப்பில்லை. அதனால் மறைவில் இருப்பவருக்கு ஒரு பக்க விதித்தாள் எழுதிக் கொடுங்கள்: இது வந்தால் இது, விதியில் இல்லாதது வந்தால் ‘புரியவில்லை, மறுபடி தொடுங்கள்’.

எத்தனை பேர் வேண்டும்? பயன்பாட்டுச் சோதனை நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதியதிலிருந்து ஐந்து பேர் என்பது வழக்கமான கணக்கு. நான் முதலில் மூன்று பேரை வைத்துப் பார்த்துவிட்டு, திருத்தி, இன்னும் மூன்று பேரைக் கூப்பிடுகிறேன். ஒரே தடுக்கலில் ஆறு பேரையும் விழ வைப்பதில் பயனில்லை.

வருபவரிடம் தொடக்கத்திலேயே சொல்லுங்கள்: “பெட்டி சரியா இருக்கான்னுதான் பார்க்கிறோம், உங்களை இல்ல. எங்கே நின்னாலும் அது எங்க தப்பு.” வயதானவர்களுக்கு இது மிக முக்கியம், இல்லாவிட்டால் பரீட்சை எழுதுவதுபோல் ஒடுங்கிவிடுவார்கள். அவருடைய உண்மையான பெயர், நம்பர், நோய் எதுவும் வேண்டாம், ஒரு கற்பனைச் சீட்டைக் கொடுங்கள். வீடியோவுக்கு முன்பே சம்மதம் கேளுங்கள். முடிந்ததும் மறைவில் இருந்தவரைக் கூப்பிட்டு அறிமுகப்படுத்துங்கள், ஏமாற்றப்பட்ட உணர்வோடு யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது.

வேலையைச் சொல்லும்போது திரையில் இருக்கும் சொல்லைப் பயன்படுத்தாதீர்கள். ‘முதல் முறை என்பதைத் தொடுங்கள்’ என்றால் பதிலையே கொடுத்துவிட்டீர்கள். “உங்களுக்கு மூட்டு வலி, இந்த ஆஸ்பத்திரிக்கு இதுவரை வந்ததில்லை” என்று நிலைமையை மட்டும் சொல்லுங்கள்.

அப்புறம் பேசாமல் இருங்கள். அவர் தயங்கினால் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அந்தப் பத்தில்தான் அவர் திரும்பிப் பார்ப்பார், கண்ணாடியைத் தேடுவார், சீட்டைத் தலைகீழாக வைப்பார். ஐந்தாவது நொடியில் உதவிவிட்டால் இவற்றில் எதுவும் கண்ணில் படாது.

9. திருத்தும் வரிசை, கடைசியாகத் திரை

அன்று மாலையே வீடியோவைப் போட்டுப் பாருங்கள், மறுநாளைக்கு வைத்தால் ஞாபகம் வீடியோவோடு சண்டை போடும். ஒவ்வொருவரும் நின்ற இடத்தை ஒரு வரியில் எழுதுங்கள்: என்ன செய்ய வந்தார், எங்கே நின்றார், என்ன செய்தார். காரணம் என்னவென்று அந்த வரியில் எழுத வேண்டாம், அதை ஐந்து பேரும் சேர்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.

திருத்தும்போது முதலில் வசனத்தை மாற்றுங்கள். தீராவிட்டால் படிகளின் வரிசையை மாற்றுங்கள். அதிலும் தீராவிட்டால் பெட்டியின் அமைப்பு. நிறமும் படமும் கடைசி. மாற்ற ஆகும் செலவு அந்த வரிசையில் கூடிக்கொண்டே போகும், ஆனால் சிக்கல் பெரும்பாலும் முதல் இரண்டிலேயே தீர்ந்துவிடும். ‘ஐகான் போட்டால் புரியும்’ என்று யாராவது சொல்வார்கள். சொல்லே புரியாத இடத்தில் ஐகான் இன்னொரு புதிராகத்தான் நிற்கும்.

மூன்று பேர் தொடர்ந்து, யாரையும் திரும்பிப் பார்க்காமல் டாக்டர் அறை வாசல் வரை போய்விட்டால் திரை வரையத் தொடங்கலாம். இப்போது வேலை வேகமாக ஓடும், எது எங்கே வரும் என்பது ஏற்கெனவே தெரியும். ஆண்ட்ராய்டு வழிகாட்டுதல்படி தொடும் இடம் குறைந்தது 48 டிபி (ஆண்ட்ராய்டின் திரை அளவலகு), அதாவது சுமார் 9 மி.மீ. நின்றுகொண்டு, பை பிடித்த கையால் தொடுபவர்களுக்கு நான் அதைப்போல இரண்டு மடங்கு வைக்கிறேன். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு குறைந்தது 4.5:1. வெயில் விழும் கூடமாக இருந்தால் கறுப்பு வெள்ளையே மேல்.

எங்கள் இரண்டாவது வடிவத்தில் 14 திரைகள் ஐந்தாகிவிட்டன. அட்டைப் பெட்டியை மட்டும் தூக்கிப் போடாதீர்கள். நிரல் எழுதத் தொடங்கிய பிறகு ‘இங்கே ஒரு திரை கூடுதலாகச் சேர்க்கலாமா’ என்று யாராவது கண்டிப்பாகக் கேட்பார்கள். அப்போது பெட்டியை நிறுத்தி, கேட்டவர் கையில் கட்டைப்பையையும் துண்டையும் கொடுத்து, வாசலிலிருந்து நடந்துவரச் சொல்லுங்கள்.